அடிபட்ட ஆமை கண்ணில் பட்டால்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் முதன்முதலில் தூக்கி வந்த அடிபட்ட ஆமையை நேராக ஒரு வாளித் தண்ணீரில்தான் விட்டேன். குளத்து ஆமை, ஓட்டில் விரிசல், உடம்பெல்லாம் புழுதி. தண்ணீரில் வாழ்கிற பிராணி, தண்ணீரைக் கண்டால் தெம்பு வரும் என்று நினைத்தேன். தொலைபேசியில் பேசிய கால்நடை மருத்துவர் முதலில் சொன்னது, "உடனே வெளியே எடுங்க, மூழ்கிடும்." ஆமை மூழ்கிச் சாகுமா? சாகும். அதற்கும் நம்மைப் போல நுரையீரல்தான். தலையைத் தூக்கத் தெம்பில்லாத ஆமைக்கு நாலு விரற்கடைத் தண்ணீரே எமனாகிவிடும். ஓட்டு விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்தால் அது தனி வினை.

ஆமைக்கு உதவப் போகிறவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இப்படித்தான், அக்கறையில் பிறந்தவை. அதனால் கீழே சொல்லியிருப்பதில் பாதி, எதைச் செய்யக் கூடாது என்பது. வைத்தியம் உங்கள் வேலை இல்லை. ஆமை இன்னும் மோசமாகாமல் ஒரு பெட்டியில் வைத்து, அது கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, விஷயம் தெரிந்தவர் கையில் சேர்ப்பது மட்டும்தான் உங்கள் வேலை.

முதலில், அது அடிபட்டதுதானா?

ஆமை தனியாக இருப்பதாலேயே அது ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. தீப்பெட்டி அளவுக் குஞ்சு தன்னந்தனியே நகர்ந்துகொண்டிருக்கும். தாயைத் தேட வேண்டாம். அநேகமாக எந்த ஆமையும் முட்டையிட்ட பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை. கட்டையின் மேல் பின்னங்காலையும் கழுத்தையும் நீட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தால் வெயில் காய்கிறது. கரையேறி முட்டையிடும் கடலாமையின் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்துப் பலர் உருகிப் போகிறார்கள். அது அழுகை இல்லை, உடம்பில் மிஞ்சிய உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பி வெளியே தள்ளுகிறது.

பழைய காயங்களும் ஏமாற்றும். காட்டு ஆமைகளில் பலவற்றுக்கு ஓட்டில் தழும்போ, ஒரு கால் குட்டையாகவோ இருக்கும். விளிம்பு மழுங்கி, காய்ந்து, ஆமை சுறுசுறுப்பாக நடந்தால் விட்டுவிடுங்கள். அது உங்களுக்கு முன்பே பிழைத்து முடித்துவிட்டது.

உதவி தேவைப்படும் அறிகுறிகள் வேறு. ஓட்டில் புது விரிசல், ரத்தம், இழுபடும் கால். வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, மூக்கில் குமிழி. கண் வீங்கி மூடிக்கிடப்பது. கண்ணுக்குப் பின்னால் ஒரு பக்கம் புடைத்திருப்பது. அது பெரும்பாலும் காதில் கட்டிய சீழ். தண்ணீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதப்பது, மூழ்கப் பார்த்து முடியாமல் தவிப்பது. வாயிலிருந்தோ பின்புறத்திலிருந்தோ தொங்கும் தூண்டில் நரம்பு. காயத்தில் வெள்ளைப் பொடி மாதிரி ஈ முட்டை. இதில் ஒன்று இருந்தாலும் பெட்டியை எடுக்கலாம்.

சாலையில் கிடந்தால்

வண்டியை நன்றாக ஓரங்கட்டி, விளக்கைச் சிமிட்ட விட்டு, இரண்டு பக்கமும் பார்த்த பிறகு இறங்குங்கள். வளைவிலும் இருட்டிலும் இதை மறந்தவர்கள் ஆமையோடு சேர்ந்து அடிபட்டிருக்கிறார்கள்.

அடிபடாத ஆமை என்றால் வேலை அரை நிமிஷம். எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அதே பக்கத்துச் சாலையோரத்தைத் தாண்டி விட்டுவிட வேண்டும். வந்த பக்கம் திருப்பி விட்டால் நீங்கள் போனதும் மறுபடி கடக்கும். "பக்கத்தில் அருமையான குளம் இருக்கிறதே" என்று அங்கே கொண்டுபோகவும் வேண்டாம். ஏன் என்று இடத்தைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

தூக்குவதற்கு இரண்டு கையும் வேண்டும். ஓட்டின் இரு பக்கமும், முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவில் பிடித்து, தரையை ஒட்டியே கொண்டுபோங்கள். ஆமை உதறும், நகத்தால் கீறும், கைதவறினால் உயரம் குறைவாக இருப்பது நல்லது. வாலைப் பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள். வால் முதுகெலும்பின் தொடர்ச்சி, தொங்கவிட்டால் மூட்டு விலகிவிடும். ஸ்நாப்பிங் ஆமையும் (வெடுக்கென்று கடிக்கும் ஒரு வகை) மென்னோட்டு ஆமைகளும் கழுத்தை நம்ப முடியாத தூரம் பின்னுக்கு நீட்டிக் கடிக்கக்கூடியவை. அவற்றைக் கையால் தொடாமல் காரின் தரைவிரிப்பிலோ பலகையிலோ மண்வாரியிலோ ஏற்றி நகர்த்துவதுதான் உத்தமம்.

பயத்தில் சிறுநீர் கழிப்பதும் உண்டு. குளத்து ஆமைக்கு அது பெரிய விஷயமில்லை. வறண்ட நிலத்து ஆமைகளுக்கு அப்படி இல்லை: வட அமெரிக்கப் பாலைவன ஆமை மாதக்கணக்கில் தாக்குப்பிடிப்பதே சிறுநீர்ப்பையில் சேர்த்துவைத்த நீரால்தான். ஒரு தடவை பயமுறுத்திக் கொட்டவைத்தால் அடுத்த மழை வரை அதன் கையிருப்பு காலி. அடிபடாத நிலத்து ஆமையைப் படமெடுப்பதற்காகத் தூக்குவது கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

ஓடு என்பது சட்டை இல்லை

பலரும் ஆமை ஓட்டை நத்தைக்கூடு மாதிரி, கழற்றிப் போடக்கூடிய ஒரு வீடாக நினைக்கிறார்கள். ஓடு ஆமையின் எலும்புக்கூட்டின் ஒரு பகுதி. முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து, ஒன்றோடொன்று இணைந்து, சுமார் 50, 60 எலும்புகள் சேர்ந்து ஆனது. மேலே நம் நகம் போன்ற கெரட்டின் தகடுகள் போர்த்தியிருக்கும். உள்ளே ரத்தம் ஓடுகிறது, நரம்பு இருக்கிறது. தொட்டால் தெரியும், உடைந்தால் வலிக்கும். நுரையீரல் மேலோட்டுக்கு நேர் கீழே இருப்பதால், முதுகில் விழும் விரிசல் சில நேரம் நுரையீரல் வரை போயிருக்கும்.

இதைப் புரிந்துகொண்டால் ஏன் பசை போட்டு ஒட்டக் கூடாது என்பதும் புரியும். உடைந்த பானையை ஒட்டுவதுபோல எபாக்சி பூசி மூடிவிட்டால் மண்ணும் கிருமியும் உள்ளேயே அடைபட்டுச் சீழ் பிடிக்கும். பிறகு அதைப் பெயர்த்தெடுப்பது மருத்துவருக்கும் ஆமைக்கும் நரகம்.

செய்யக்கூடிய முதலுதவி சின்னது. ரத்தம் வடிந்தால் சுத்தமான துணியால் மெதுவாக, விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றதும் காயத்தை ஈரமான சுத்தத் துணியாலோ காஸ் எனும் கட்டுத்துணியாலோ மூடிவையுங்கள்; ஈ உட்காராமல் இருக்க இது முக்கியம். உதிர்ந்த ஓட்டுத் துண்டு கிடந்தால் பொறுக்கி, துணியில் சுற்றி ஆமையோடு கொடுத்துவிடுங்கள். வேலை நாலு வரியில் முடிந்துவிட்டது.

செய்யக் கூடாதவற்றின் பட்டியல்தான் நீளம். தைலம், களிம்பு, மஞ்சள், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். மனிதருக்கான வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். சாப்பாடு, தண்ணீர் கொடுக்காதீர்கள். ஊர்வன பல நாள் பட்டினி தாங்கும், ஆனால் அதிர்ச்சியில் இருக்கும் உடம்புக்குச் செரிக்கத் தெம்பிருக்காது. தூண்டில் முள்ளைப் பிடுங்காதீர்கள், தொங்கும் தூண்டில் நரம்பை இழுக்காதீர்கள். நரம்பு குடலுக்குள் போயிருந்தால் இழுக்கும்போது குடலை அறுத்துவிடும். ஓர் அடி, ஒன்றரை அடி வெளியே விட்டு மீதியை மட்டும் வெட்டுங்கள். அந்த நுனியைப் பிடித்துத்தான் மருத்துவர் முள் எங்கே என்று தேடுவார்.

பெட்டி

ஆமையைவிடக் கொஞ்சம் பெரிதான, மூடியுள்ள பெட்டி. காற்றுக்குப் பக்கவாட்டில் ஓட்டை. ஆமையை உள்ளே வைப்பதற்கு முன்பே ஓட்டை போட்டுவிடுங்கள் (சிரிக்காதீர்கள், எனக்குத் தெரிந்து இது நடந்திருக்கிறது). அடியில் பழைய துண்டு. அட்டைப் பெட்டி ஈரமானால் அடி கழன்றுவிடும், பெரிய ஆமைக்குப் பிளாஸ்டிக் பெட்டியே மேல். ஒரு பெட்டிக்கு ஓர் ஆமை.

தண்ணீர் ஆமையாக இருந்தாலும் பெட்டிக்குள் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஈரத்துண்டு போதும். மென்னோட்டு ஆமைகளின் தோல் சீக்கிரம் காய்ந்துவிடும், அவற்றுக்கு மேலேயும் ஓர் ஈரத்துணி போடலாம், மூக்கை மறைக்காமல்.

பெட்டியை இருட்டாக, அமைதியாக, சாதாரண அறை வெப்பத்தில் வையுங்கள். 21 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை சரி. வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், சூடேற்றும் விரிப்பின் மேலும் வைக்காதீர்கள். ஆமையின் உடம்பு சுற்றுப்புறச் சூட்டைத்தான் எடுத்துக்கொள்ளும். சூடு அதிகமானால் நகர்ந்து தப்பிக்க அந்தப் பெட்டியில் இடமில்லை. குழந்தைகள் எட்டிப் பார்க்கட்டும், ஒரு தடவை. அப்புறம் மூடியைத் திறக்க வேண்டாம்.

கை கழுவுங்கள். ஆரோக்கியமாகத் தெரியும் ஆமையிடமும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் 10 சென்டிமீட்டருக்குக் குறைவான ஆமைக் குஞ்சுகளை விற்க 1975-ல் தடை போட்டதே, குழந்தைகள் அவற்றை வாயில் வைத்து நோய் வாங்கிக்கொண்டதால்தான்.

கிடைத்த இடம்

பெட்டியின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதுங்கள்: எந்தச் சாலை, எந்த மைல்கல்லுக்கு அருகே, எந்தப் பக்கம், எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது, எத்தனை மணி. கைபேசி வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்துச் சேமித்துக்கொள்ளுங்கள். மேலோடு, அடியோடு, தலை மூன்றையும் ஒவ்வொரு படம் எடுங்கள். புதியவர்கள் அதிகம் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். ஆமை பிழைத்துவிடும், எங்கே கொண்டுபோய் விடுவது என்று யாருக்கும் தெரியாது.

ஏன் அதே இடம்? ஆமைக்குத் தன் சுற்றுவட்டாரம் மனப்பாடம். எந்தப் பள்ளத்தில் கோடையிலும் ஈரம் இருக்கும், எந்த மரத்தடியில் குளிருக்கு ஒதுங்கலாம், எந்த மண்மேட்டில் முட்டையிடலாம் என்பதெல்லாம் பல வருஷத்தில் கற்றது. வட அமெரிக்கப் பெட்டி ஆமைகளில் (ஓட்டைப் பெட்டி மாதிரி மூடிக்கொள்ளும் ஆமை வகை) பல, சில நூறு மீட்டர் அகலத்துக்குள்ளேயே முழு ஆயுளையும் கழிக்கின்றன. அதைப் பத்து கிலோமீட்டர் தள்ளி "நல்ல காட்டில்" விட்டால் வீட்டைத் தேடி அலைந்து, இன்னும் நாலு சாலைகளைக் கடந்து, கடைசியில் ஏதாவது சக்கரத்தில் மாட்டும். நோயும் ஒரு காரணம். ஒரு கூட்டத்து ஆமை தாங்கிக்கொள்ளும் கிருமி, அடுத்த கூட்டத்தை வாரிக்கொண்டு போகலாம்.

செத்துவிட்டதா என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள்

அசையவில்லை, மூச்சு தெரியவில்லை. நாயோ பூனையோ என்றால் சந்தேகமே வேண்டாம். ஆமையில் சந்தேகப்படத்தான் வேண்டும். வண்ண ஆமை என்று ஓர் இனம், குளிர்காலத்தில் உறைபனிக்குக் கீழே, பிராணவாயுவே இல்லாத தண்ணீரில், 3 டிகிரியில் மூன்று மாதத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். அந்த அளவுக்குத் தன்னை அணைத்துக்கொள்ளத் தெரிந்த உடம்பு, அடிபட்ட அதிர்ச்சியிலும் அணைந்துபோனது மாதிரியே தெரியும்.

கண்ணோரத்தை மெல்லிய துணி நுனியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள், வாலை மெதுவாகக் கிள்ளிப் பாருங்கள். இமையோ வாலோ சற்று அசைந்தாலும் உயிர் இருக்கிறது. அசையாவிட்டாலும் பெட்டியில் வைத்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இதயத் துடிப்பைக் கேட்க அவரிடம் டாப்ளர் கருவி இருக்கும். எதிர்த்திசை தொல்லையும் உண்டு, மூளை செத்த பிறகும் ஆமையின் இதயம் மணிக்கணக்கில் துடிக்கும். எப்படிப் பார்த்தாலும் அது நாம் சொல்ல வேண்டிய தீர்ப்பு இல்லை.

நிச்சயமாகச் செத்துவிட்டது என்றாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. முட்டையிடும் பருவத்தில் சாலையில் அடிபடுபவற்றில் பெண் ஆமைகள் அதிகம். வயிற்றில் முட்டை இருந்தால் அதை எடுத்து அடைவைத்துக் குஞ்சு பொரிக்க வைக்கும் மையங்கள் இருக்கின்றன. எனவே உடனே அழைத்துக் கேளுங்கள். அதுவும் இல்லை என்றால் உடலைச் சாலையை விட்டுத் தள்ளி வையுங்கள். தின்ன வரும் பறவையும் நரியும் அதே இடத்தில் அடிபடாமல் இருக்கும்.

யாரிடம் கொடுப்பது

வனத்துறை, அனுமதி பெற்ற வனவிலங்கு மீட்பு மையம், ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர், உயிரியல் பூங்கா. இந்த வரிசையில் உங்கள் பகுதியில் யார் இருக்கிறார்கள் என்று இன்றைக்கே தேடி, எண்ணைக் கைபேசியில் சேமித்துவிடுங்கள். ஆமை ரத்தம் வடிந்துகொண்டிருக்கும்போது தேடினால் கை நடுங்கும். எல்லாக் கால்நடை மருத்துவரும் ஆமை பார்ப்பதில்லை, நேரே போய் நிற்காமல் முதலில் அழையுங்கள். எங்கே, எப்போது, என்ன காயம், தோராயமாக எத்தனை சென்டிமீட்டர் நீளம் என்று நாலே வாக்கியத்தில் சொன்னால் போதும். இனத்தின் பெயர் தெரியாவிட்டால் படம் அனுப்புங்கள்.

இரவாகிவிட்டது, யாரும் எடுக்கவில்லை என்றால் விடியும் வரை பெட்டியில் அமைதியான அறையில் இருக்கட்டும். ஆமையின் உடம்பு எல்லாவற்றையும் மெதுவாகத்தான் செய்யும், சாவதையும்கூட. ஓர் இரவு பெரும்பாலும் தாங்கும். அடுத்த நாளும் வீட்டிலேயே வைத்துக்கொண்டு "கொஞ்சம் தேறட்டும்" என்று பார்ப்பதுதான் தவறு. பல நாடுகளில் காட்டு ஆமையை அனுமதியில்லாமல் வைத்திருப்பதே குற்றம். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். நான் பார்த்த வரையில் உருப்படாமல் போவது ஆமைதான்.

மையத்தில் என்ன நடக்கும்? முதலில் ஓட்டைத் தொட மாட்டார்கள். உடம்பை மெல்லச் சூடாக்கி, நீரேற்றி, வலிக்கும் தொற்றுக்கும் மருந்து கொடுப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள், வயிற்றில் முட்டை இருக்கிறதா என்றும் அதில் தெரிந்துவிடும். காயம் சுத்தமான பிறகுதான் உடைந்த ஓட்டைச் சேர்த்துக் கட்டும் வேலை. அதில் இருக்கும் கைவேலை வேடிக்கையானது. விரிசலின் இரு பக்கமும் கொக்கிகளை ஒட்டி, கம்பியால் இழுத்துக் கட்டுவார்கள். அந்தக் கொக்கிக்குப் பெண்களின் உள்ளாடைக் கொக்கி கச்சிதமாகப் பொருந்துகிறது என்று, அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு மீட்பகம் 2019-ல் பழைய உள்ளாடைகளிலிருந்து கொக்கிகளை வெட்டி அனுப்பச் சொல்லிக் கேட்டது. அதற்கு முந்தைய வருஷம் பால்டிமோரில் உள்ள மேரிலாந்து உயிரியல் பூங்காவில், அடிப்பக்க ஓடு நொறுங்கிய ஒரு பெட்டி ஆமைக்குத் தரையில் உரசாமல் நடக்க லெகோ கட்டைகளால் சக்கரவண்டி செய்து மாட்டினார்கள்.

ஓட்டெலும்பு ஒன்றுசேர மாதங்கள் ஆகும், சிலவற்றுக்கு ஒரு வருஷத்துக்கு மேல். அதனால் இரண்டு வாரத்தில் "என் ஆமை என்ன ஆச்சு" என்று நாலு தடவை அழைக்காதீர்கள். சில ஆமைகளைக் காப்பாற்ற முடியாமல் வலியில்லாமல் கருணைக்கொலை செய்வார்கள். அதைக் கேட்கவும் தயாராக இருங்கள்.

கடலாமை என்றால் கணக்கு வேறு

கரையில் கிடக்கும் கடலாமையைப் பார்த்ததும் நாலு பேர் சேர்ந்து கடலுக்குள் தள்ளுவார்கள். படமும் எடுப்பார்கள். முட்டையிட வந்த ஆமை தானே திரும்பிப் போகும். அதற்கல்லாமல் கரையில் கிடப்பது பெரும்பாலும் நீந்தத் தெம்பில்லாதது, தள்ளினால் மூழ்கும். தள்ளாமல், தள்ளவிடாமல் நில்லுங்கள். கூட்டத்தையும் நாய்களையும் விலக்கி வையுங்கள். வெயில் கொளுத்தினால் நிழல் கொடுத்து ஓட்டின் மேல் ஈரத்துணி போடுங்கள், மூக்குத் துளைகளை மூடாமல். அப்புறம் வனத்துறைக்கோ கடலாமை மீட்புக் குழுவுக்கோ தகவல் சொல்லிவிட்டு அவர்கள் வரும் வரை பக்கத்தில் இருங்கள்.

குளிர்ப் பகுதிகளில் இதற்கு நேர்மாறு. கடல்நீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் ஆமைகள் விறைத்து, நீந்த முடியாமல் மிதந்து கரையொதுங்கும். அவற்றை நனைக்கவும் கூடாது, அவசரமாகச் சூடாக்கவும் கூடாது. நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெப்பம் ஏற்ற வேண்டும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் வந்த குளிரலையில் 10,000-க்கும் மேற்பட்ட கடலாமைகள் இப்படி விறைத்தன. தன்னார்வலர்கள் படகிலும் காரிலும் அள்ளிவந்து ஒரு மாநாட்டு மண்டபத்தின் தரை முழுக்க வரிசையாக வைத்துக் காத்தார்கள்.

படகில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வலையில் ஏறிய ஆமை செத்தது மாதிரி கிடந்தால் உடனே கடலில் எறியாதீர்கள். அது மூச்சுமுட்டி மயங்கியிருக்கலாம். வயிறு தரையில் படும்படி வைத்து, பின்பக்கத்தைக் குறைந்தது 15 சென்டிமீட்டர் உயர்த்திவையுங்கள். நுரையீரலில் ஏறிய நீர் வடியும். நிழலில், ஈரமாக, குறைந்தது 4 மணி நேரம், தேவையானால் 24 மணி நேரம் வரை. நடுவில் கண்ணோரத்தையும் வாலையும் லேசாகத் தொட்டுப் பாருங்கள். தேறியதும் இன்ஜினை நிறுத்தி, வலை இல்லாத பக்கமாக, மெதுவாக இறக்குங்கள். உடல் விறைத்தோ அழுகியோ இருந்தால்தான் செத்தது என்று கணக்கு.

படகு மோதிய ஆமைகள் சிலவற்றுக்கு ஓட்டுக்கடியில் காற்று அடைபட்டு, பின்பக்கம் மட்டும் மேலே தூக்கி மிதக்கும். மூழ்கி இரை தேட முடியாது. புளோரிடாவின் மாரத்தான் நகரில் 1986-லிருந்து இயங்கும் கடலாமை மருத்துவமனையில் இப்படிப்பட்டவற்றின் ஓட்டில் எடைக்கட்டி ஒட்டி மூழ்க வைக்கிறார்கள். ஓடு வளர வளர எடை கழன்றுவிடும், மறுபடி ஒட்ட வேண்டும். இவை பெரும்பாலும் கடலுக்குத் திரும்புவதில்லை.

குஞ்சுகள் கடலை நோக்கி ஊர்வதைக் கண்டால் வழிவிட்டு நில்லுங்கள். கையில் தூக்கிப்போய்க் கடலில் விட வேண்டாம், வெளிச்சமும் அடிக்க வேண்டாம். விளக்குகளைப் பார்த்து ஊருக்குள் திரும்பிவிட்டவை என்றால் மட்டும் ஈரமணல் போட்ட வாளியில், தண்ணீர் இல்லாமல், இருட்டாக வைத்துக் குழுவைக் கூப்பிடுங்கள். முட்டைக்குழியைக் கண்டால் கிளறாதீர்கள். முட்டையிட்ட சில மணி நேரத்திலேயே கரு உள் ஓட்டில் ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினாலே கரு செத்துவிடும்.

ஒரு பெரிய ஆமை எவ்வளவு பெரியது

"ஒரே ஓர் ஆமைக்கு இவ்வளவு பாடா?" என்று கேட்பவர்களிடம் நான் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. 1987-ல் வெளியான ஓர் ஆய்வு, பெருந்தலைக் கடலாமைகளின் பிறப்பு இறப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்தது. அதுவரை பாதுகாப்பு என்றால் கடற்கரையில் முட்டையைக் காப்பது என்றுதான் நினைத்திருந்தார்கள். அந்தக் கணக்கில், இட்ட முட்டை ஒன்றுவிடாமல் பிழைத்தாலும் எண்ணிக்கை சரிவது நிற்கவில்லை. வளர்ந்த, வளரும் ஆமைகள் சாவதைக் குறைத்தபோதுதான் நின்றது. இழுவலைகளில் ஆமை தப்பிக்க ஒரு கம்பிச்சட்டமும் வாசலும் வைக்க வேண்டும் என்ற வாதத்துக்கு இது பெரிய பலம் சேர்த்தது.

காரணம் எளிது. குஞ்சுகளில் ஆயிரத்தில் ஒன்று பெரிதாகலாம் என்பது கடலாமைகளுக்கு வழக்கமாகச் சொல்லும் மதிப்பீடு. பிளாண்டிங் ஆமை என்ற குளத்து ஆமை முட்டையிடத் தொடங்கவே 14 முதல் 20 வருஷம் ஆகும். ஆனால் தொடங்கினால் நிறுத்தாது. மிச்சிகனில் 1954-ல் அடையாளமிட்ட ஒரு பெண் ஆமையை 2016-ல் மறுபடி பிடித்தபோது அதற்குக் குறைந்தது 83 வயது. அப்படிப்பட்ட ஒன்றைச் சாலையின் மறுபக்கம் விட்டால் இன்னும் எத்தனை முட்டைப் பருவங்கள் மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள்.

உலகில் சுமார் 360 ஆமையினங்கள். அதில் பாதிக்கு மேல் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. அதே நேரம், மீட்க முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. மெக்சிகோவின் ரான்சோ நுவேவோ கடற்கரையில் 1947-ல் எடுத்த ஒரு படச்சுருளில், ஒரே நாளில் சுமார் 40,000 கெம்ப் ரிட்லி கடலாமைகள் கரையேறியதாக மதிப்பிட்டார்கள். 1985-ல் அந்தப் பருவம் முழுக்க 702 முட்டைக்குழிகள்தான். கடற்கரைக் காவலும், வலையில் ஆமை வாசலும் சேர்ந்து பல வருஷம் உழைத்த பிறகு எண்ணிக்கை 20,000 குழிகளைத் தாண்டியது. பழைய நிலை இல்லை, ஆனால் விளிம்பிலிருந்து திரும்பி வந்துவிட்டது.

நீங்கள் தொடர்ந்து செய்யக்கூடியது

வளர்ப்பு ஆமையைக் குளத்தில் விடாதீர்கள், யாரையும் விடவிடாதீர்கள். கடைகளில் குஞ்சாக விற்கும் செங்காது ஆமை, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. வெயில் காயும் கட்டையிலிருந்து உள்ளூர் ஆமையைத் தள்ளிவிட்டு அது உட்கார்ந்துகொள்ளும்.

காட்டு ஆமையைப் பார்த்த படத்தைப் பகிரும்போது இடத்தைச் சொல்லாதீர்கள். கடத்தல்காரர்களும் அதே படங்களைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் ஆய்வாளர்களுக்கும் வனத்துறைக்கும் இடம் தெரிய வேண்டும், குறிப்பாக ஒரே சாலைத் துண்டில் திரும்பத் திரும்ப ஆமை அடிபட்டால். தேதியோடு எழுதிய பத்துப் பதிவுகள் சேர்ந்தால், அங்கே வேலியும் சுரங்க வழியும் கேட்பதற்கு அதுவே ஆதாரம். அழுங்காமை என்ற கடலாமையின் ஓட்டில் செய்த சீப்பும் வளையலும் வாங்காதீர்கள். கடலாமைகளின் 7 இனங்களும், நாடுகளுக்கிடையே காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பவை, நாடு தாண்டி வணிகம் செய்யத் தடை. கடற்கரையில் வீடோ விடுதியோ இருந்தால் முட்டைப் பருவத்தில் கடல் பக்க விளக்கை அணையுங்கள். தூண்டில் போடுபவர் என்றால் அறுந்த நரம்பைச் சுருட்டி எடுத்துவந்துவிடுங்கள்.

நேரம் இருந்தால் மீட்பு மையத்தில் சேருங்கள். முதல் ஆறு மாதம் தொட்டி கழுவவும் துண்டு துவைக்கவும்தான் விடுவார்கள். அதுதான் அங்கே ஆள் பற்றாத வேலை. நேரம் இல்லையென்றால் பணம், பழைய துண்டுகள், மூடியுள்ள பெட்டிகள். என்ன வேண்டும் என்று கேட்டுக் கொடுங்கள். கேட்காமல் கொண்டுபோய் இறக்கினால் அது அவர்களுக்கு இன்னொரு வேலை.

என் வண்டியின் பின்னால் இப்போது ஒரு மூடிப்பெட்டி இருக்கிறது. உள்ளே இரண்டு பழைய துண்டு, ஒரு ஜோடி கையுறை, காஸ், மார்க்கர் பேனா, ஒட்டும் நாடா, மூடியின் உட்புறம் மூன்று தொலைபேசி எண்கள். வாளியை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.